பங்கு போட்ட பயம்

பிறந்தநாள் கேக்கின் மேல் பெயர் எழுதிக்கொண்டிருந்தபோது ரேணுகாவுக்கு அந்தப் பயம் மறுபடி வந்தது. க்ரீம் கோணிக்கொண்டு போய், ஹர்ஷினி என்கிற குழந்தையின் பெயர் பாதியில் நின்றுவிட்டது.

எதற்குப் பயம் என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது. பேக்கரியில் ஒரு குறையும் இல்லை. ஓவனில் பஃப்ஸ் பொன்னிறமாக உப்பிக்கொண்டிருந்தது. வெளியே சிங்காநல்லூர் ரோட்டில் பஸ்கள் வழக்கம்போல ஹாரன் அடித்து உயிரை வாங்கிக்கொண்டிருந்தன. ஆனால் வயிறு சில்லிட்டுப் போயிற்று, உள்ளங்கை வேர்த்தது, கால்கள் ஓடு ஓடு என்றன. எங்கே ஓடுவது, யாரைப் பார்த்து ஓடுவது என்றுதான் தெரியவில்லை.

"அக்கா, உக்காருங்க. முகமெல்லாம் வெளுத்துக் கிடக்குது," என்றாள் கவுண்டரில் நின்ற பிரேமா.

"ஒன்னுமில்ல பிரேமா."

நம் ஊரில் ஒருவர் ஒன்னுமில்லை என்று சொன்னால், பெரிதாக ஏதோ இருக்கிறது என்று எடுத்துக்கொள்ள வேண்டும். பிரேமாவும் அப்படித்தான் எடுத்துக்கொண்டாள். நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டுத் தண்ணீர் கொண்டுவரப் போனாள்.

அந்தப் பயம் ரேணுகாவுடையது அல்ல. அது ஒன்றுதான் அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்திருந்தது. காதுக்குப் பின்னால் ஒட்டியிருந்த வில்லை சுட்டது. வாங்கும்போதுதான் வில்லை சுடும், கொடுக்கும்போது சுடாது.

வில்லை என்பது புளியங்கொட்டை அளவுள்ள சமாச்சாரம். கம்பெனி அதற்கு வைத்த பெயர் 'துணை'. ஜனங்கள் வைத்தது வில்லை. ஊரே ரத்தக்கொதிப்பிலும் தூக்கமில்லாமலும் வெந்துகொண்டிருந்த காலத்தில் அது வந்து இறங்கியது. ஒருவர் உடம்பில் பதற்றம் ஏறினால் அதை வீட்டில் வில்லை ஒட்டிய மற்றவர்களுக்கு, அவர்கள் எந்த ஊரில் இருந்தாலும், பங்கு போட்டுவிடும். ஒற்றை ஆளாகத் தூக்கினால் முதுகு ஒடிகிற மூட்டையை மூன்று பேர் பிடித்தால் சுலபம் அல்லவா, அந்தக் கணக்குத்தான். மாத்திரை இல்லை. மனசு சரியில்லை என்று டாக்டரிடம் போகும்போது சொந்தக்காரன் எவனாவது பார்த்துத் தொலைப்பானோ என்ற கவலை இல்லை. முக்கியமாக, யாரிடமும் மனம் விட்டுப் பேசித் தொலைக்க வேண்டியதில்லை. வாயைத் திறக்காமலே மனபாரம் குறைகிறது என்றால் நம் ஆட்களுக்குக் கசக்குமா? வீட்டுக்கு வீடு ஒட்டிக்கொண்டார்கள்.

வந்தது யாருடைய பதற்றம் என்று வாங்குகிறவருக்குக் காட்டாது. காட்டினால் வீட்டில் வெட்டுக்குத்து நடக்கும் என்று அரசாங்கமே சட்டம் போட்டிருந்தது. ஆளுக்குச் சமபங்கு என்பது விதி. ஆனால் விருப்பப்பட்டால் ஒருவர் தன் பங்கைக் கூட்டிக்கொள்ளலாம், அதுவும் மற்றவர்களுக்குத் தெரியாது. இந்த வசதியை வேறு நாடுகளில் யாரும் சீண்டுவதில்லையாம். நம் வீடுகள் வேறு ரகம். குழம்பில் கிடக்கிற கடைசி முட்டையைப் பிள்ளை தட்டில் தள்ளிவிட்டு, எனக்கு முட்டையே ஆகாது என்று சாதிக்கிறவர்கள் நாம். வில்லை ஒட்டிய கையோடு ரேணுகா, புருஷனுடையதையும் மகளுடையதையும் முழுக்க முழுக்கத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். யாரிடமும் மூச்சு விடவில்லை. சொன்னால் விடுவார்களா?

பலனும் கண்கூடாகத் தெரிந்தது. சிடுமூஞ்சி என்று பட்டறையே பெயர் வைத்திருந்த புருஷன் நவநீதன், லேத் ஓட்டிக்கொண்டே பாட்டு முணுமுணுக்கிற மனுஷனாகிவிட்டான். மகள் ஆதிரை நாமக்கல் பக்கம் ஒரு விடுதிப் பள்ளியில் பிளஸ் டூ படிக்கிறாள். பரீட்சைக்கு முன்னால் அழுகிற பழக்கம் அவளிடம் நின்றேபோனது. ரேணுகாவுக்கு உள்ளுக்குள் பெருமை. யாரோ அடிக்கிற அடியை வாங்கிக்கொண்டு குழந்தையைக் காப்பாற்றுகிற மாதிரி ஒரு பெருமை.

ஆனால் இப்போது சில நாட்களாக வந்துகொண்டிருந்தது வேறு. பரீட்சைப் பயம் ரேணுகாவுக்குப் பழக்கம்தான், வயிற்றில் பூச்சி பறந்துவிட்டு அடங்கிவிடும். பட்டறைக் கோபமும் பழக்கம், நெற்றிப்பொட்டில் அடிக்கும். இது சாவைப் பார்த்தவன் பயம். திடீரென்று வந்து கழுத்தைப் பிடிக்கிறது, விடுகிறது, மறுபடி வந்து பிடிக்கிறது.

தண்ணீரைக் குடித்துவிட்டு முதலில் மகளுக்குத்தான் போன் போட்டாள். நல்லவேளையாக மதிய இடைவேளை.

"கண்ணு, நல்லா இருக்கியா?"

"நல்லாத்தாம்மா இருக்கேன்." குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"சாப்பிட்டியா?"

"ம்."

"ஏஞ்சாமி குரல் இப்படி இருக்குது? யாராச்சும் ஏதாச்சும் சொன்னாங்களா? வார்டன் திட்டினாங்களா?"

"ஒன்னுமில்லம்மா. தூக்கம் பத்தல, அவ்ளோதான். பெல் அடிக்கப் போறாங்க, வெக்கட்டுமா?"

வைத்துவிட்டாள். ரேணுகா போனையே பார்த்துக்கொண்டு நின்றாள். விடுதிப் பள்ளிகளைப் பற்றிக் கேள்விப்பட்டதெல்லாம் வரிசை கட்டி வந்தது. மொட்டை மாடி, மின்விசிறி, பூட்டிய அறை. என்னமோ பண்ணிக்கொள்ளப் போகிறாள், அந்தப் பயம்தான் இங்கே வருகிறது என்று அவளுக்குத் தீர்மானமாகிவிட்டது.

நவநீதனுக்கும் போன் போட்டாள், ஒரு பேச்சுக்கு.

"ஏன் அம்மிணி, வேலை நேரத்துல புருஷன் நெனப்பு வந்துருச்சாக்கும்?" என்று சிரித்தான்.

"விளையாடாதீங்க. உங்களுக்கு ஒன்னுமில்லையே?"

"எனக்கென்ன, கல்லாட்டம் இருக்கறேன். ராத்திரிக்குத் தோசை ஊத்தறியா? மத்தியானம் சோறு எறங்கல."

"ஆதிரைக்கு ஏதோ ஆயிருச்சுங்க. எனக்கு என்னமோ பண்ணுது."

"அதுக்கென்ன ஆகும்? படிக்கிற புள்ள. நீ மனசைப் போட்டுக் கொழப்பிக்காத."

அவன் வைத்ததும் வில்லை மறுபடி சுட்டது. கேக் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நாமக்கல்லுக்குப் பஸ் பிடித்தால் போய்ச் சேரப் பொழுது சாய்ந்துவிடும், அதற்குள் என்னென்ன நடந்துவிடுமோ. நிஜமாகவே ஆதிரையுடையதுதானா என்று தெரிந்தால் வார்டனிடம் சொல்லி உடனே அறையைத் திறக்கச் சொல்லலாம். தெரியாமல் சொன்னால் பிள்ளையைப் பைத்தியம் என்று பள்ளியில் ஒதுக்கிவைப்பார்கள். காந்திபுரத்தில் 'துணை' கம்பெனியின் நிலையம் இருந்தது. ஏப்ரனைக் கழற்றிப் பிரேமாவிடம் கொடுத்துவிட்டு ஆட்டோ ஏறினாள்.

நிலையத்தில் ஷம்ஷாத் என்ற பெண் இருந்தாள். வில்லை ஒட்டுவதும் பழுது பார்ப்பதும் அவள் வேலை. ரேணுகாவின் காதோரத்தில் ஒரு கருவியை வைத்துப் பார்த்தவள் முகம் சுருங்கியது.

"இவ்வளவு வருதாக்கா? எப்படித் தாங்கறீங்க?"

"யாரோடதும்மா? அதை மட்டும் சொல்லு. எம்புள்ள விடுதியில இருக்கறா. எனக்கு ஈரக்குலையே நடுங்குது."

"சொல்லக் கூடாதுக்கா. என் கம்ப்யூட்டர்லயும் பேர் வராது, சத்தியமா. வேணும்னா உங்க பங்கைக் குறைச்சு விடறேன். உடனே லேசாயிரும்."

"குறைச்சா யாருக்குப் போகும்?"

"யாரோடதோ, அவங்களுக்கே திரும்பப் போகும்."

"வேண்டாம்," என்று கத்தியே விட்டாள் ரேணுகா. வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "அந்தப் புள்ள தாங்காது. நான் வெச்சுக்கறேன். பேரை மட்டும் சொல்லு தாயி."

ஷம்ஷாத் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். மெதுவாகப் பேசினாள்.

"புள்ளைதான்னு எதை வெச்சு சொல்றீங்க?"

"குரலே சரியில்லம்மா. செத்துப்போன குரலு. பயந்து நடுங்கற குரலு."

"அப்படின்னா அவ இல்லக்கா."

"என்னது?"

"பயந்து நடுங்கறவங்க பயம் இன்னும் அவங்ககிட்டதானே இருக்குது? உங்களுக்கு வந்துட்டிருக்கறது முழுப் பயம். இதைக் குடுத்தவங்ககிட்ட மிச்சம் ஒன்னுமே இருக்காது. அவங்க சிரிச்சுக்கிட்டு, பாட்டுப் பாடிக்கிட்டு, ஜம்முனு இருப்பாங்க." ஷம்ஷாத் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "நான் எதுவும் சொல்லலைக்கா. ஆனா நீங்களே யோசிச்சுப் பாருங்க. உங்க வீட்டுல யாரு ரொம்ப நிம்மதியா இருக்கறாங்க?"

ரேணுகா எழுந்து வெளியே பாய்ந்தாள். நிலையத்தின் படிகளில் செருப்பு ஒன்று கழன்று விழுந்தது. அதை எடுக்காமலே ஓடினாள்.

கணபதியில் இருந்த பட்டறை வரைக்கும் அந்த ஆட்டோ பயணத்தை அவள் ஆயுசுக்கும் மறக்க மாட்டாள். பாலத்தில் வண்டிகள் அடைத்துக்கொண்டன. வில்லை கொள்ளிக்கட்டையாகச் சுட்டது. அவள் உடம்புக்குள் இன்னொருவர் உடம்பு கதறிக்கொண்டிருந்தது, அதுவும் யாருடையது என்று இப்போது தெரிந்து தொலைத்திருந்தது. போன் போட்டால் அவன் எடுக்கவில்லை. எங்கே அந்தப் பயம் சட்டென்று நின்றுவிடுமோ என்பதுதான் இப்போது அவள் நினைப்பெல்லாம். நின்றால் ஆள் இல்லை என்று அர்த்தம். இத்தனை நாள் தொலையாதா என்று கும்பிட்ட பயத்தை, போய்விடாதே போய்விடாதே என்று கும்பிட்டுக்கொண்டே போனாள்.

நவநீதன் லேத்துக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தான். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. முகம் சாம்பல் பூத்துக் கிடந்தது. கையில் பன்னீர் சோடா. அவளைப் பார்த்ததும் வாயெல்லாம் பல்லாகச் சிரித்தான்.

"என்ன அம்மிணி, ஒத்தச் செருப்போட வந்துருக்கற?"

"நெஞ்சு வலிக்குதாங்க?"

"வலின்னு சொல்ல முடியாது. யாரோ ஏறி உக்காந்தாப்புல இருக்குது. கேஸ்தான். நாலஞ்சு நாளாவே வந்து வந்து போகுது. இந்தச் சோடாவைக் குடிச்சா ஒரு ஏப்பத்துல ஓடிரும்." இடது கையைத் தேய்த்துவிட்டுக்கொண்டான். "கையும் மரத்துப்போச்சு. ஸ்பேனர் புடிச்சுப் புடிச்சு."

நாலைந்து நாளாக அவன் உடம்பு அலறிக்கொண்டிருந்திருக்கிறது. அந்த அலறல் அவன் காதில் விழவே இல்லை. எல்லாம் சிங்காநல்லூரில் ஒரு பேக்கரிக்குப் போய்க்கொண்டிருந்தது.

அவினாசி ரோட்டு ஆஸ்பத்திரியில் மருத்துவர் செண்பகவல்லி ஈசிஜியை ஒரு பார்வை பார்த்தார், நவநீதன் காதுக்குப் பின்னால் இருந்த வில்லையை ஒரு பார்வை பார்த்தார்.

"இப்பெல்லாம் இப்படித்தான் வர்றாங்க," என்றார் அலுப்போடு. "மாரடைப்போட நடந்து வந்து, இங்க டீ எங்க நல்லா இருக்கும்னு கேக்கறாங்க. பயம்ங்கறது உடம்பு அடிக்கிற மணி அம்மா. தீப்பிடிச்சது இவர் வீட்டுல, மணியைக் கொண்டுபோய் உங்க வீட்டுல கட்டியிருக்கீங்க."

செண்பகவல்லி ஒரு படிவத்தை எடுத்து நீட்டினார்.

"அடைப்பை உடனே எடுக்கணும். அவர் கையெழுத்துப் போடணும்."

நவநீதன் கட்டிலில் சாய்ந்துகொண்டு காலாட்டிக்கொண்டிருந்தான். "நாளைக்கு வர்றனுங்க டாக்டரம்மா. இன்னைக்குச் சாயங்காலம் ஒரு ஷாஃப்ட் குடுத்தாகணும். பார்ட்டி வந்து நிப்பான்."

"நாளைக்கு நீங்க இருக்க மாட்டீங்க."

"எல்லாரும் அப்படித்தானுங்க சொல்லுவீங்க," என்று சிரித்தான். அதில் வீம்பு இல்லை, பொய் இல்லை. அவனுக்கு உண்மையிலேயே ஒன்றும் தோன்றவில்லை. ரேணுகா காலைப் பிடித்துக் கெஞ்சினாள். அவன் அவள் தலையைத் தடவிக்கொடுத்து, அழாதே, ஷாஃப்ட்டைக் கொடுத்துவிட்டு வந்துவிடுகிறேன் என்றான்.

மருத்துவர் அவளைத் தள்ளி அழைத்துப் போனார். "சுயநினைவோட இருக்கறவரை மீறி நான் தொட முடியாது. வில்லையைக் கழட்டினா அவருக்கு உறைக்கும். ஆனா உள்ள கொண்டுபோய், மருந்து குடுத்துத்தான் கழட்டுவோம். இப்படி வெறுமனே கழட்டினா அவ்வளவு பயமும் ஒரே அடியா அவர் மேல எறங்கும். இந்த இதயம் அதைத் தாங்குமான்னு எனக்குத் தெரியாது. கழட்டாட்டி எழுந்து போயிருவார். நீங்கதான் சொல்லணும்."

கட்டின புருஷனுக்குக் கை நிறைய சாவுப் பயத்தை அள்ளிக் கொடுக்க வேண்டும். எந்தப் பெண்டாட்டிக்கு இந்த வேலை வரும்? ரேணுகா கட்டிலுக்குப் போனாள். அவன் அவளைப் பார்த்துக் கண்ணடித்தான். அவன் கன்னத்தில் ஒரு கையை வைத்துக்கொண்டு, மறு கையால் காதுக்குப் பின்னாலிருந்த வில்லையைப் பிய்த்தாள்.

சிரிப்பு அப்படியே முகத்தில் நின்றது. பிறகு கண்கள் அகன்றன. அறையைச் சுற்றிப் பார்த்தான், தன் நெஞ்சைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். தொண்டைக்குள்ளிருந்து கேவல் ஒன்று வந்தது.

"ரேணு. ரேணு, என்னமோ பண்ணுது. நான் செத்துப்போயிருவனா?"

"மாட்டீங்க. கையெழுத்துப் போடுங்க."

"பயமா இருக்குது ரேணு. என்னை விட்டுட்டுப் போயிறாத."

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவன் வாயிலிருந்து அந்த வார்த்தையை அவள் கேட்டதே இல்லை. கோழி கிளறினாற்போல ஒரு கையெழுத்துப் போட்டான். மானிட்டரில் கோடுகள் தாறுமாறாக ஓடின. யாரோ கத்தினார்கள், கட்டிலைத் தள்ளிக்கொண்டு ஓடினார்கள். அவன் விரல்கள் அவள் விரல்களிலிருந்து உருவிக்கொண்டு போயின. கதவு மூடியது.

நடைவழியில் ரேணுகா தனியாக நின்றாள். வில்லை சூடு ஆறிவிட்டது. நாலைந்து நாளாகக் கழுத்தைப் பிடித்திருந்த கை போய்விட்டது. பெருமூச்சு விட்டாள். பெஞ்சில் உட்கார்ந்து, ஹர்ஷினி கேக்கைப் பிரேமா ஃப்ரிட்ஜில் வைத்தாளோ இல்லையோ என்று யோசித்தாள். ஒற்றைக் காலில் இருந்த செருப்பைப் பார்த்தாள். நல்ல செருப்பு, ஒன்று தொலைந்தால் இன்னொன்றும் வீண்தான். எதிர்ச்சுவரில் இதயத்தின் படம் போட்டிருந்தது. கலர் நன்றாக இருக்கிறது என்று நினைத்தாள்.

நினைத்த மாத்திரத்தில் அவளுக்குத் திக்கென்றது. திக்கென்றுகூட ஆகவில்லை, ஆகவேண்டும் என்று தோன்றியது, அவ்வளவுதான். உள்ளே புருஷன் செத்துக்கொண்டிருக்கலாம். இங்கே அவள் படத்தின் கலரைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை, நெஞ்சில் ஒரு படபடப்பு இல்லை. இத்தனை நாள் அவள் பயந்தது முழுக்க அவனுடைய பயம். அப்படியானால் அவளுடைய பயம் எங்கே?

வீட்டில் மூன்றே மூன்று வில்லைகள். அவளைத் தவிர, தட்டிலிருந்த முட்டையைத் தள்ளிவிடக் கற்றுக்கொண்ட இன்னொருத்தி அந்த வீட்டில்தான் வளர்ந்தாள்.

போனை எடுத்தாள். நெடுநேரம் அடித்தது. எடுத்ததும் முதலில் மூச்சிரைப்பு மட்டும்தான் கேட்டது. குழாயில் தண்ணீர் கொட்டுகிற சத்தம். பாத்ரூமில் இருக்கிறாள்.

"ஆதிரை."

"ஒன்னும், ஒன்னுமில்லம்மா." பல் கிட்டித்துப்போன குரல்.

"என்னோடத நீ எடுத்துட்டிருக்கறயா?"

குழாய்ச் சத்தம் நின்றது.

"எப்ப இருந்து கண்ணு?"

"ஹாஸ்டல் வந்ததுல இருந்து," என்றாள் ஆதிரை. பிறகு அடைத்துவைத்ததெல்லாம் ஒரேயடியாகக் கொட்டியது. "நீ தனியா இருப்பேன்னு எடுத்தேம்மா. மொதல்ல கொஞ்சம்தான் வந்துச்சு. இந்த வாரம் தாங்க முடியல. மொட்டை மாடியப் பார்த்தா பயமா இருக்கு. ஃபேனப் பார்த்தா பயமா இருக்கு. எனக்கு என்னமோ ஆகப்போவுதுன்னே தோணிட்டு இருக்கும்மா. ஏன்னு தெரியல. என்னோட ஒரு பயமும் எங்கிட்ட இல்ல, இது மட்டும் வந்துட்டே இருக்கு."

மகளுக்கு என்ன ஆகிவிடுமோ என்று தாய் பயந்த பயமெல்லாம், ஒரு துளி சிந்தாமல், அந்த மகள் தலையிலேயே போய் இறங்கியிருக்கிறது.

ரேணுகா காதுக்குப் பின்னால் கையைக் கொண்டுபோனாள். நகம் பட்டுத் தோல் கிழிந்தது. வில்லை வந்துவிட்டது.

பெஞ்சிலிருந்து வழுக்கித் தரையில் உட்கார்ந்துவிட்டாள். நவநீதன் என்று நினைத்தாள், ஐயோ என்று நினைத்தாள், அந்தக் கதவு திறந்து யாராவது முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தால் என்று நினைத்தாள். நடைவழியில் போகிற ஒவ்வொரு செருப்புச் சத்தமும் அவளுக்காகவே வந்தது. வருஷக்கணக்காக இப்படி ஒன்றை அவள் உணர்ந்ததே இல்லை. போனைக் காதோடு வைத்து அழுத்திக்கொண்டாள்.

"அம்மா? அம்மா, எனக்கு இப்ப மூச்சு வருது. என்னம்மா பண்ணுன? அங்க என்ன ஆச்சு?"

ஒன்னுமில்லை கண்ணு, நீ போய்ப் படி. வாய் வரைக்கும் வந்துவிட்டது.

"அப்பாவை உள்ள கொண்டுபோயிருக்கறாங்க," என்றாள் ரேணுகா. "பொழைப்பாரான்னு தெரியல. எனக்குப் பயமா இருக்குது ஆதிரை. கை காலெல்லாம் நடுங்குது. போனை வெச்சுறாத."

"வெக்க மாட்டேன்," என்றாள் ஆதிரை. அவளும் அழ ஆரம்பித்திருந்தாள். "சொல்லும்மா."